மேல் வரியின் ரத்தம்

என் கணவர் சம்பந்தத்துக்கு ஒரே வேலையை இரண்டாம் முறை செய்யச் சொன்னால் உடம்பெல்லாம் எரியும். சாஃப்ட்வேர் கம்பெனியில் புரோகிராமர். குரோம்பேட்டையில் எந்த இடத்தில் நின்று ரயில் ஏறினால் கிண்டியில் மாடிப்படிக்கு நேராக இறங்கலாம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் பத்து வரிக் கட்டளையை ஒற்றை எழுத்துக்குள் அடக்கி வைத்திருப்பார். ஒரு விசையைத் தட்டினால் முன்பு அடித்த கட்டளையே திரும்ப வந்து நிற்கும் என்று தெரிந்துகொண்ட அன்று, ரசம் ஆறிப்போகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

என் சமையலறையையும் விட்டுவைக்கவில்லை. அடிக்கடி எடுக்கும் டப்பாக்கள் எல்லாம் கைக்கெட்டும் தட்டுக்கு இறங்கின. நான் பள்ளி ஆசிரியை. "பரீட்சைப் பேப்பரை ஒவ்வொண்ணா திருத்தாதே சுந்தரி. எல்லாப் பேப்பர்லயும் முதல் கேள்வியை முடி, அப்புறம் ரெண்டாவது" என்றார். செய்து பார்த்தேன், நேரம் பாதியாகக் குறைந்தது. எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் மனுஷன் சொன்னது சரியாக இருந்தது. அப்படித்தான் அவருடைய குறுக்கு வழிகளை நம்பப் பழகினேன்.

தொண்ணூற்று மூன்றில் எங்கள் காலனி சங்கம் ரத்த தானம் செய்ய விரும்புகிறவர்களின் பட்டியல் ஒன்று தயாரித்தது. பெருங்களத்தூர் வரை வீடு வீடாகப் போய்ப் படிவம் வாங்கினார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை இவர் சம்பளமில்லாமல் எடுத்துக்கொண்டார். அதிலும் ஒரு தந்திரம். ஒருவரை முடித்து அடுத்தவருக்குப் போனால் கட்டங்கள் காலியாக இருக்காது. மேலே இருப்பவரின் விவரமே அப்படியே கீழே இறங்கி நிற்கும். மாறுவதை மட்டும் அடித்தால் போதும். ஒரே தெருக்காரர்களுக்குத் தெருவின் பெயரைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம்.

"ஒரே ஒரு வரி சுந்தரி. செட் கேரி ஆன். அவ்வளவுதான்!" என்று குழந்தை மாதிரி சிரித்தார். பட்டியல் தாம்பரத்திலிருந்து குன்றத்தூர் வரை நர்சிங் ஹோம் சுவர்களில் ஏறியது. எல்லோருக்கும் அச்சடித்த அட்டையும் வந்தது.

அடுத்த தை மாதம் கிருத்திகையன்று என் தங்கை பாலாம்பாளுக்குப் பிரசவம். தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோம். பெண் குழந்தை பிறந்தது, ஆனால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, "ஓ நெகட்டிவ் உடனே வேணும். பட்டணத்துக்குப் போய் வாங்கிட்டு வர நேரமில்லை. சொந்தக்காரங்கள்ல யாராவது?" என்றார். தங்கை கணவர் அரிகிருஷ்ணனுக்குச் சேராது. அம்மாவுக்குச் சர்க்கரை. நான் கைப்பையிலிருந்து என் அட்டையை எடுத்துக் காட்டினேன். பி பாசிட்டிவ். லேப் பெண் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அரிகிருஷ்ணன் சுவரில் இருந்த பட்டியலுக்கு ஓடினார். விரலை வைத்துத் தேடியவர் கத்தினார்.

"அக்கா, பெருங்களத்தூர்ல வரிசையா அஞ்சு பேர் ஓ நெகட்டிவ்! முருகன் கைவிடல!"

அம்மா அழுதேவிட்டாள். நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

"முதல் ஆள் ஏகநாதன் வீடு ரயில் லைனுக்கு அந்தப் பக்கம். மத்த நாலு பேரும் ஒரே தெரு, அங்கேயே போறேன்" என்று அரிகிருஷ்ணன் நண்பனையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு ஸ்கூட்டர்களும் தெருமுனை திரும்பின. அப்போதுதான் இவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"அஞ்சு பேர் வரிசையா வர மாட்டாங்க சுந்தரி. அது அபூர்வமான குரூப்."

"என்ன சொல்றீங்க?"

"முதல் ஆள் மட்டும்தான் நிஜம். அவருக்கு மேல் வரியில ஏ பாசிட்டிவ் இருக்கு. அப்போ அவருதை நான் கையால மாத்தி அடிச்சிருக்கேன். மத்தவங்க காலியா விட்டிருப்பாங்க. நான் எண்டரைத் தட்டிட்டே போயிருப்பேன். மேல இருந்தது இறங்கியிருக்கும்."

"இதை அவர் போறதுக்கு முன்னாடி சொல்றதுக்கென்ன?"

"வாய் வரல."

உள்ளே என் தங்கை செத்துக்கொண்டிருக்கிறாள், இவருக்கு வாய் வரவில்லையாம். அங்கேயே ஒரு அறை விட்டிருப்பேன். கை ஓங்கவில்லை, ஏனென்றால் அந்தக் கையில் என் அட்டை இருந்தது. பி பாசிட்டிவ். இவருடையதும் பி பாசிட்டிவ். சங்கத்துக்காரர்கள் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் இருவரும் படிவம் எழுதினோம். முதலில் அவர், பிறகு நான். என் குரூப் எனக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டேன். அட்டையில் அச்சாகி வந்தபோது, இவர் எங்கோ பார்த்துப் போட்டிருப்பார் என்று நம்பிவிட்டேன்.

"என்னங்க, பட்டியல்ல உங்களுக்கு அடுத்த பேர் யாரு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் நான் லேபுக்கு ஓடினேன்.

ஓ நெகட்டிவ். அரை மணி நேரமாக அந்த ரத்தத்தை உடம்பில் வைத்துக்கொண்டு என் தங்கையின் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன், கையில் அட்டையுடன். படுக்கவைத்து ஊசி ஏற்றியபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வலிக்கிறதா என்று லேப் பெண் கேட்டாள். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வந்தவர்களில் துளசிங்கம் என்பவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். விரலில் குத்திப் பார்த்தார்கள், சேரவில்லை.

"நான் எழுதவே இல்லியே சார். எனக்கு இன்னா ரத்தம்னே தெரியாது. தங்கச்சிக்கு உசிருக்கு ஆபத்துன்னாங்க, அப்டியே வந்துகினே இருக்கேன்" என்றார்.

"ஏகநாதன்னு ஒருத்தர்..." என்று இவர் இழுத்தார்.

"அவரா? கிருத்திகை இல்ல? காலைலயே குன்றத்தூர் மலைக்குப் பூட்டாரு. வூடு பூட்டிக் கீது."

பாலாம்பாள் பிழைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா. என் கணவர் சுவரருகே போய், பட்டியலில் ஒரே குரூப் அடுத்தடுத்து வந்த இடங்களில் முதல் வரியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தார். பக்கம் முழுக்கக் கோடாகிவிட்டது.

மறு ஞாயிறு முதல் மற்றச் சுவர்களுக்குப் போனார். தாம்பரம், பெருங்களத்தூர், பல்லாவரம் என்று ஒவ்வொன்றாக. அதற்குக் குறுக்கு வழி ஏதும் அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசியாகக் குன்றத்தூர் போய்வந்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அங்க ஒரு நர்ஸ் சொன்னாங்க. போன மாசம் இந்த லிஸ்ட்டைப் பார்த்து மூணு பேரை வரவழைச்சாங்களாம். ஒருத்தருக்கும் சேரலையாம்."

"யாருக்காம்?"

"யாரோ சின்னப் பொண்ணு."

"அப்புறம் என்னாச்சு?"

"கேட்கல சுந்தரி."

போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அவரைத் துரத்தியிருக்க வேண்டும். உள்ளே பாலாம்பாளின் குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தட்டித் தூங்கவைக்கும் சத்தமும் கேட்டது. எனக்கு என் தங்கை கிடைத்துவிட்டாள். அதற்கு மேல் தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கும் இல்லை.

"கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றேன்.