கேட்காமல் விட்ட கேள்வி

ஏரியூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பதினான்கு வருடமாக ஆயுர்வேத வைத்தியம் பார்த்துவந்தாள் சசிகலா. மாதவிலக்கு நிற்கும் வயதுப் பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். உடம்பெல்லாம் அனல், வியர்வை, காரணமில்லாத அழுகை என்று எதைச் சொன்னாலும் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்பார் என்று அவளுக்குப் பெயர்.

ராணியம்மாளும் அப்படித்தான் வந்தாள். ஐம்பத்து நான்கு வயது, நிலக்கடலை விவசாயம். மாதவிலக்கு நின்று இரண்டு வருடமாகியிருந்தது. பித்தம் மிஞ்சியிருக்கிறது என்று சொல்லி, புளியையும் காரத்தையும் குறைக்கச் சொன்ன சசிகலா, தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியைப் பாலில் கலந்து குடிக்கக் கொடுத்தாள்.

"இப்பத்தாங்க நல்லாத் தூங்கறேன்," என்றாள் ராணியம்மாள் அடுத்த மாதம்.

மூன்றாவது முறை வந்தபோது கதவோரப் பெஞ்சில் மூட்டுவலிக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ராணியம்மாள் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் திரும்ப வந்துடுச்சுங்க."

"எது, அந்தச் சூடா?"

அவள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லீங்க... அது."

ரத்தப்போக்கைத்தான் சொல்கிறாள் என்று சசிகலாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அன்று பென்னாகரத்தில் மகளிர் குழுக் கூட்டத்தில் அவள் பேச வேண்டியிருந்தது. வாசலில் கார் நின்றது. கேட்டால் எத்தனை நாளாக, எவ்வளவு என்றெல்லாம் கேட்க வேண்டும். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒப்புக்கொள்ளவைக்க வேண்டும். அதற்கே அரை மணி நேரம் ஆகும்.

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், பயப்படாதீங்க. பொடியை விடாம சாப்பிடுங்க," என்று எழுந்துவிட்டாள்.

கூட்டத்தில், "வெக்கப்படாம டாக்டர்கிட்ட மனசு விட்டுச் சொல்லுங்க," என்றாள். பெண்கள் கை தட்டினார்கள். திரும்பும் வழியில் ராணியம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. அடுத்த முறை வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த முறை அவள் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து மகன் பூவரசன் வந்தான்.

"ரெண்டு டப்பாவா குடுங்க. பொடியை இன்னும் ஜாஸ்தி போட்டுக்கலாமான்னு அம்மா கேக்கச் சொல்லுச்சு."

"ஏன், என்ன பண்ணுது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "என்கிட்ட சொல்ல மாட்டேங்குதுங்க. தெனமும் துணியா தொவைக்குது. மொகமே வெளுத்துப் போச்சு."

எடுத்த டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். சசிகலா கிளினிக்கைச் சாத்திவிட்டு அவன் வண்டியிலேயே ஏறிப் போனாள். மறுநாள் காலையில் ராணியம்மாளைத் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றாள். பத்து நாளில் முடிவு வந்தது. கர்ப்பப்பையில் புற்று. வெளியே பரவியதாகத் தெரியவில்லை. உடனே எடுத்துவிட வேண்டும்.

"நின்னு போனப்புறம் ஒரு சொட்டு பட்டாலே வந்து காட்டணும்மா. இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லலையா?" என்று கேட்டார் அறுவை செய்யும் பெண் டாக்டர்.

ராணியம்மாள் பக்கத்தில் நின்ற சசிகலாவைப் பார்க்கவே இல்லை. "யார்கிட்டயும் சொல்லலீங்க. வெக்கப்பட்டுக்கிட்டு நானே மூடி வெச்சுட்டேன்."

அந்தக் கணத்தில் சசிகலாவுக்கு நெஞ்சு லேசானது. தப்பித்தோம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவள் முகத்தைச் சுடவைத்தது.

"என்கிட்ட சொன்னாங்க," என்றாள். "நான் ஆயுர்வேத டாக்டர். எனக்குப் புரிஞ்சுது. அவசரத்துல மேல கேக்காம அனுப்பிட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சசிகலாவுக்கு.

அறுவை நல்லபடியாக முடிந்தது. பரவவில்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். நாலாம் நாள் சசிகலா கஞ்சி கொண்டுபோனாள்.

"அந்த டாக்டர்கிட்ட எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்றாள் ராணியம்மாள். "நான்தானே மறைச்சேன்."

"நீங்க மறைக்கலீங்க. நீங்க சொன்னீங்க."

ராணியம்மாள் கஞ்சியைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"ஆமாங்க," என்றாள். "சொன்னேன்."

சசிகலா அவள் கட்டிலோரமாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.