255-க்கு அனுப்பிய செய்தி

மூக்கண்டப்பள்ளியில் நான் ஸ்டோர்ஸ் வேலை பார்த்த கம்பெனியில், கம்ப்யூட்டர் அறை சக்தியக்காவின் ராஜ்ஜியம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி எண் உண்டு. 255 என்று முடியும் எண் மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. அதற்கு ஒரு செய்தி அனுப்பினால் கம்பெனியின் எல்லாத் திரையிலும் போய் விழும். தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு முன் அக்கா அதற்கு அனுப்புவார்: 'சர்வர் நிற்கப்போகிறது, சேவ் செய்யவும்.' அது எங்களுக்கு மனப்பாடம். படிக்காமலேயே ஓகே தட்டிவிடுவோம்.

2006-இல் ஒரு காலை, ஆஸ்பத்திரியிலிருந்து மாமியார் போன் செய்தார். பிரசவத்தில் என் மனைவி ஃபரீதாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டும், அங்கே இல்லை. என்னுடையது வேறு குரூப். சக்தியக்காவிடம் போய் நின்றேன்.

அக்கா உடனே 255-க்குச் செய்தி தட்டினார். ஒரு ஆள்கூட வரவில்லை.

"யாராச்சும் படிச்சாங்களான்னு தெரியாதாக்கா?"

"எல்லாருக்கும் சேத்து அனுப்புனா பதில் வராது முஹ்சின் தம்பி. சேவ் பண்ணச் சொல்றேன்னு நெனச்சு மூடியிருப்பானுங்க, பாழாப்போனவனுங்க."

மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் அதே கதை. அக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். முன்னறிவிப்பே இல்லாமல் சர்வரை நிறுத்திவிட்டார்.

அவ்வளவுதான். ஆபீஸ் மொத்தமும் கத்திக்கொண்டு கம்ப்யூட்டர் அறை வாசலுக்கு வந்துவிட்டது. முன்னால் நின்றவர் டெஸ்பாட்ச் திம்மப்பன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனுஷன்.

"ஏம்மா, லாரி கேட்ல நிக்குது, பில்லு பாதியில போச்சு! புத்தி இருக்குதா உனக்கு?"

"அப்புறமா திட்டுங்கண்ணா. இங்க ஓ நெகட்டிவ் ரத்தம் யாருக்கு?"

"எனக்குத்தான். அதுக்கென்ன இப்ப?" என்றார் திம்மப்பன், அதே கோபத்தோடு.

அக்கா விஷயத்தைச் சொன்னார். திம்மப்பன் லாரியை மறந்தார், பில்லை மறந்தார். "வண்டிய எட்றா" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். பைக்கில் வழி முழுக்க அக்காவைத் திட்டினார். ரத்தம் கொடுக்கும்போதும் நிறுத்தவில்லை. கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது. அதைவிட இனிமையான பேச்சை நான் இதுவரை கேட்டதில்லை.

சர்வரை நிறுத்தியதற்காக மறுநாள் அக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள். அதை டிராயரில் போட்டுவிட்டு, அக்கா 255-க்கு ஒரு செய்தி அனுப்பினாராம்: 'முஹ்சினுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.'

அன்றைக்கு எல்லாரும் படித்திருக்கிறார்கள். பதில் அனுப்ப வழியில்லாததால் ஒவ்வொருவராக எழுந்து கம்ப்யூட்டர் அறைக்கே வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்களாம். மெமோ கொடுத்த மேனேஜரும் வந்தாராம்.