கடல் பக்கத்து ஹோன்கள்

உம்மாவின் உடலைச் சுற்றவிருந்த கபன் துணியில் கற்பூரம் தூவிக்கொண்டிருந்த றுஷ்தா, கையை நிறுத்திக் காது கொடுத்தாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உம்மாவின் மௌத்தை அறிவித்தார்கள். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அவளுக்கே சுஹைரா என்ற உம்மாவின் பெயர் கரகரப்பில் கரைந்துபோனது. குடாவில் வலை போட்டிருக்கும் நஸ்ரி மாமாவுக்கு எப்படிக் கேட்கும்?

உம்மாவுக்கு ஒரே தம்பி. தன் ராத்தாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதென்ற நிம்மதியில் தோணி ஏறியவர். கடலுக்குப் போன் கொண்டுபோகும் பழக்கம் அவருக்கில்லை.

"அசறுத் தொழுகையோட அடக்கணும் மகள்," என்றார் பஸ்மியா சாச்சி. "மையத்தைக் காக்க வைக்கக்கூடாது."

நோன்பு மாதத்தில் ஒரு நல்ல மனிதர், பள்ளிவாசலில் கடலைப் பார்க்கும் இன்னும் இரண்டு ஒலிபெருக்கி ஹோன் பூட்டிக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து சத்தம் இப்படித்தான். தந்தவர் மனம் நோகுமென்று ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

றுஷ்தா, பள்ளியில் பாங்கு சொல்லும் முஅத்தின் அன்ஸாருக்கு அழைப்பெடுத்தாள்.

"சத்தத்த முழுக்கத் திருகிட்டன் டீச்சர். ஹோனும் என்ட தொண்டையும் கிழிஞ்சதுதான் மிச்சம்." புதிய இரண்டையும் கழற்றிவிடட்டுமா என்று கேட்டார்.

"வேணாம், அதுகள்தானே கடலப் பாக்குது. அம்ப்ளிபயர நிப்பாட்டிட்டுப் பின்னால பாருங்க. வயர் எட்டு எண்டு போட்ட முனையிலயா இருக்கு?"

"ஓம்."

"நாலுக்கு மாத்துங்க."

வகுப்பில் என்றால் கரும்பலகையில் எழுதியிருப்பாள். இரண்டு ஹோன் நான்கானபோது மொத்த மின்தடை எட்டிலிருந்து நாலாகப் பாதியாகிவிட்டது. கொடுக்கும் அம்ப்ளிபயரும் அதற்கு ஒத்து இறங்கினால்தான் வலு முழுதாகப் போய்ச் சேரும். உம்மா பௌதிகவியல் படித்ததில்லை. ஆனால் யாருக்கு எது இறங்குமோ அதைத்தான் கொடுத்தார்: காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, கோபக்காரருக்கு மௌனம்.

மறுபடி அறிவித்தார்கள். இம்முறை உம்மாவின் பெயர் எழுத்தெழுத்தாகக் கூரைகளைத் தாண்டிப் போனது. சாச்சி கண்களை மூடிக்கொண்டார்.

ஆண்கள் மையத்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார்கள். கபனின் மற்ற முடிச்சுகளெல்லாம் போட்டாகிவிட்டது. முகத்தை மூடுவதுதான் மிச்சம். சாச்சி துணி விளிம்பைப் பிடித்தபடி றுஷ்தாவைப் பார்த்தார். அவள் வாசலைப் பார்த்தாள்.

இடுப்புவரை நனைந்து, மூச்சு வாங்க நஸ்ரி மாமா வந்து நின்றார்.

"கேட்டிச்சு மகள்," என்றார்.

மீன் வாடை அடிக்கும் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். றுஷ்தா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அந்தக் கைகளில் ஊற்றினாள். அவர் உள்ளே போய், ராத்தாவின் நெற்றியில் கையை வைத்தபடி இருந்தார். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

வாசலிலிருந்து கட்டில்வரை சீமெந்துத் தரையில் ஈரக் காலடிகள். சாச்சி அவற்றை மிதிக்காமல் சுற்றிப்போய்த் தலைமாட்டு முடிச்சைப் போட்டார்.