மூன்றுவிரல்காரி மேல் விழுந்த பழி

வேட்டைக்காரன் பெலார்மீனோ ஒன்பது நாய்களோடு எங்கள் பண்ணைக்கு வந்து இறங்கிய அதே காலையில் பதினோராவது கன்றும் செத்துக் கிடந்தது. தோளும் நெஞ்சும் தின்னப்பட்டிருந்தன. பிடரியில் பல் பதிந்த நாலு ஓட்டை. சுற்றிலும் சேற்றில் ஜாகுவாரின் கால்தடம், முன்னங்காலில் ஒரு விரல் குறைச்சலாக. அதற்கு மேல் யாருக்கும் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அவளை எங்களுக்குத் தெரியும். மூன்றுவிரல்காரி. இந்த வருஷம் இரண்டு குட்டி போட்டிருக்கிறாள். போன வாரம் ஆற்றங்கரையில் முதலை பிடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கரையிலிருந்து ஒரே பாய்ச்சல். தண்ணீர் கலங்கி அடங்குவதற்குள் தன் எடைக்குச் சமமான முதலையை மண்டையில் கவ்விக்கொண்டு மேலே ஏறிவிட்டாள். எங்கள் மாடுகள் கல்லெறி தூரத்தில் மேய்ந்துகொண்டுதான் இருந்தன. அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இத்தனை முதலை இருக்கிற ஊரில் இவளுக்கு எதற்கு நோஞ்சான் கன்று என்று எனக்கு அன்றைக்கே உறுத்தியது.

என் வேலை தோல். செத்த மாட்டை உரித்து, தோலை வாராக அறுத்து, மாடு பிடிக்கிற சுருக்குக்கயிறு பின்னுவேன். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பண்ணையில் என் கயிறுதான். ஆனால் ஜாகுவார் வாய் வைத்த மாட்டை இங்கே எவரும் உரிப்பதில்லை. ஓட்டை விழுந்த தோல் கயிற்றுக்கு ஆகாது என்பார்கள். அவள் எச்சிலைத் தொட்டால் வீடு தேடி வந்துவிடுவாள் என்றும் பயம். தடத்தைப் பார்ப்பார்கள், தொப்பியைக் கழற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்வார்கள், கழுகுக்கு விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படித்தான் பத்துக் கன்றும் போனது, ஒன்றையும் யாரும் திருப்பிப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நான் கத்தியை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.

என் புருஷன் ஜெர்வாசியோதான் பண்ணைக்கு மேஸ்திரி. நாய்களை அவிழ்க்கச் சொல்லிக் கையை உயர்த்தியவன் என்னைப் பார்த்ததும் இறக்கினான்.

"லிந்தால்வா, நாயெல்லாம் பசியோட நிக்குது. போய் உன் வேலையப் பாரு."

"தோல் உரிக்கறது யார் வேலை? அதைத்தான் பாக்கறேன்."

மாடு மேய்க்கிற பையன்கள் சிரித்தார்கள். ஓட்டைத் தோலில் வலை பின்னப் போகிறாள் என்று ஒருவன் சொன்னான். பண்ணைக்காரி தோனா எர்சிலியா குதிரை மேல் உட்கார்ந்து, கொம்புக் குவளையில் தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். அரை மணி நேரம் வேண்டும், அதற்குள் மூன்றுவிரல்காரி மூட்டை கட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் பொலிவியாவுக்கு ஓடிவிடமாட்டாள் என்றேன். குவளையை நீட்டிப் பெலார்மீனோவிடம் கொடுத்துவிட்டுச் சரி என்று தலையசைத்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கத்தி இறங்குவதற்கு முன்பே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இரண்டு நாளைக்கு முன் இந்தக் கன்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடிவயிற்றை நக்கியபடி நின்றதைப் பார்த்திருந்தேன். ஜெர்வாசியோவிடம் சொன்னேன், பார்க்கிறேன் என்றான். பிறந்த கன்றைப் பிடித்துத் தொப்புளுக்கு மருந்து வைப்பது மேஸ்திரியின் பொறுப்பு. வைக்காவிட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். தோலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று ஊகித்துக்கொண்டேதான் உரித்தேன். வேறேதாவது இருந்துவிடாதா என்றும் ஆசைப்பட்டேன்.

பிடரித் தோலைப் புரட்டினேன். அடியில் சதை வெள்ளையாக, சுத்தமாக இருந்தது.

"உசுரோட இருக்கும்போது கடிச்சிருந்தா இந்த ஓட்டையச் சுத்தி ரத்தம் கட்டிக் கறுத்திருக்கணும்," என்றேன். "ஒரு பொட்டு இல்ல, பாருங்க."

பெலார்மீனோ குனிந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். வேட்டைக்காரனாக இருந்தாலும் பொய் சொல்லாதவன். "செத்ததைத்தான் கவ்வி இழுத்துத் தின்னிருக்கு," என்று சொல்லிவிட்டுத் தன் நாய்கள் பக்கம் திரும்பிக்கொண்டான். முப்பது வருஷமாக எத்தனை பண்ணைக்குப் போயிருப்பானோ, இப்படிப் பழி விழுந்த எத்தனை ஜாகுவாரைச் சுட்டிருப்பானோ. அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அடிவயிற்றுக்கு வந்தேன். தொப்புள் இருந்த இடத்தில் என் முஷ்டி நுழைகிற அளவுக்குக் குழி. உள்ளே புழு நெளிந்தது. நாற்றத்தில் பையன்கள் பின்வாங்கினார்கள்.

தோனா எர்சிலியா குதிரையை விட்டு இறங்கினாள். "மருந்து வைக்கலையா?"

அவள் கேட்டது என்னை. ஜெர்வாசியோ பேசுவான் என்று மூன்று மூச்சு காத்திருந்தேன். அவன் தன் பூட்சையே பார்த்துக்கொண்டிருந்தான். இவனோடு பத்தொன்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டால் இவன் மானம் தப்பும். காட்டுக்குள் இரண்டு குட்டிகளோடு இருக்கிறவளுக்கு வாய் இல்லை.

"வைக்கல," என்றேன். "இந்த மந்தைப் பக்கம் ரெண்டு மாசமா மருந்தெடுத்துக்கிட்டு யாரும் போகல."

நாய்கள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின. பண்ணைக்காரி என் புருஷனை வேலையை விட்டு அனுப்பவில்லை. பதினோரு கன்றையும் எல்லார் எதிரிலும் விரல் விட்டு எண்ண வைத்தாள், அவ்வளவுதான். அன்றைக்கே ஜெர்வாசியோ தான் தூங்குகிற வலைத்தொட்டிலைச் சுருட்டிக்கொண்டு ஆட்கள் படுக்கிற கொட்டகைக்குப் போய்விட்டான். நான் கூப்பிடவில்லை. செய்ததில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் அந்த ஒரே தட்டில் நான் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

மறுநாளிலிருந்து மேய்ச்சல் நிலத்தில் தேங்கிய இடுப்பளவு வெள்ளத்தைக் கடந்து போய் ஒவ்வொரு கன்றுக்கும் அவனே மருந்து வைத்தான். ஒரு மாசம் ஒரு கன்றும் சாகவில்லை. பிறகு ஒரு மத்தியானம் என் பட்டறை வாசலில் வந்து நின்றான். உள்ளே கை நீட்டி என் கத்தியை எடுத்தான்.

"ஒன்னு கிடக்கு. வா, உரிச்சுப் பாத்துரலாம்."

கொழுத்த, ஆரோக்கியமான கன்று. பக்கத்தில் அதே மூன்றுவிரல் தடம், கூடவே குட்டிகளின் தடம். பிடரித் தோலைப் புரட்டினேன். அடியில் ரத்தம் திட்டுத் திட்டாகக் கறுத்துக் கிடந்தது. இந்தத் தடவை அவள்தான். நான் போட்ட சட்டப்படியே அவள்தான்.

ஜெர்வாசியோவும் பார்த்தான். கத்தியை வாங்கிப் புல்லில் துடைத்தான். பெலார்மீனோவுக்குச் சொல்லி அனுப்பப் போகிறாயா என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றான். "அவ ஒன்னு கொன்னுருக்கா, ரெண்டு புள்ளைக்கு ஊட்டறதுக்கு. நான் பதினொன்னு கொன்னேன். என் மேல யாரும் நாயை ஏவல."