வாய் பேசாத பிள்ளைக்கு ஓர் அறை

1

இந்தக் கதை எனக்குக் கொழும்பு வெள்ளவத்தையில், நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சுவர் வழியாகக் கிடைத்தது. பக்கத்து அறைப் பெண் ஊமை என்றுதான் நம்பியிருந்தேன். ஒரு மத்தியானம் அவள் கத்தினாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் அன்று ஏனோ...' (வேண்டாம். கடலுக்கு இதில் வேலையில்லை.)

2

சுபோதினி தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்தவள். சொந்த நாட்டில்தான் சாவேன் என்று தகப்பன் சவுந்தரநாயகம் அடம்பிடித்ததால், முப்பது வயதுக்குமேல் இலங்கைக்கு வந்தாள். குடியுரிமைப் பதிவு இன்னும் முடியவில்லை. அங்கே அவள் சிலோன்காரி. இங்கே வாயைத் திறந்தால் இந்தியாக்காரி.

பொலிஸ் விசாரணைக்குப் பயந்து, கொட்டாஞ்சேனையில் வீட்டுக்காரர்கள் அவளுடைய இந்தியப் பேச்சைக் கேட்டதுமே அறை இல்லை என்றார்கள். பிறகு தகப்பனும் மகளும் எங்கள் வீட்டுக்காரி இரத்தினம்மாவிடம் வந்தார்கள்.

"பிள்ளை ஒண்டும் கதைக்கிறாளில்லை?"

"அவளுக்கு வாய் பேசேலாது, அம்மா," என்றார் சவுந்தரநாயகம்.

அறைக்கதவைச் சாத்தியதும் சுபோதினி கிசுகிசுத்தாள்: "என்னப்பா இப்படிச் சொல்லிட்டீங்க?"

"பதிவு முடியுமட்டும்தான், பிள்ளை."

(இதெல்லாம் அவள் பிறகு சொன்னது. அழுதாயா என்று கேட்டேன். சிரித்தேன் என்றாள். நான் நம்பவில்லை, ஆனாலும் அப்படியே விடுகிறேன்.)

3

மாதக்கணக்கில் அவள் பேசவில்லை. கடையில் விரலால் காட்டி வாங்கினாள். இரத்தினம்மா இரக்கப்பட்டுக் கறி கொண்டுவருவார். ஊமைக்குக் காதும் கேட்காது என்ற நினைப்பில், மெல்ல மெல்ல அவளருகே உட்கார்ந்து, படகில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுக் காணாமல்போன மகனைப் பற்றிச் சொல்லி அழத் தொடங்கினார். வேறு எவரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

4

"ஐயோ, யாராவது வாங்களேன்! அப்பா விழுந்துட்டாரு!"

நானும் இரத்தினம்மாவும் ஓடினோம். அம்புலன்ஸ் வருமுன்பே முடிந்துவிட்டது. இரத்தினம்மா குனிந்து சவுந்தரநாயகத்தின் கண்களை மூடிவிட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"நான் சொன்னதெல்லாத்தையும் கேட்டுக்கொண்டோ இருந்தனீ?"

"ஆமாம்மா."

அந்த 'ஆமா'வுக்குப் பிறகு எங்கள் மூவரில் ஒருவரும்

(இதற்குமேல் அந்த வாக்கியம் நகரவில்லை.)

5

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் இரத்தினம்மா அறையை விடச் சொன்னார்.

"பொய் சொன்னதுக்கில்லை, பிள்ளை. உன்ர முகத்தைப் பாத்தா, என்ர பெடியனைப் பற்றி நான் கதைச்சதெல்லாம் திரும்பக் கேக்குது."

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சுபோதினியை முகாமுக்கே திருப்பி அனுப்பினேன். இன்னொன்றில் இரத்தினம்மா மனம் மாறினார்; ஆனால் உண்மையில் அது நடக்கவில்லை. இரண்டையும் வாசித்துக் காட்டினேன். சுபோதினி பையைக் கட்டியபடியே கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"என்னை எங்க வேணும்னாலும் வைங்கக்கா. திரும்ப மட்டும் அனுப்பிடாதீங்க."

எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. வாசிக்கிற உங்கள் வீட்டில் அறை இருக்கிறதா?

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அவள் பேசுவாள்.