லாவ்ரோ படித்தார், மழை பெய்தது

1

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது. திருடியது நான். திருடிய பொருள், என் சிநேகிதி யோலாந்தா வீட்டுச் சாப்பாட்டு அறை அலமாரியில் இருந்த, கறுப்பு அட்டை போட்ட மூன்று நோட்டுகள். மழைக்கோட்டுக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு மழையே இல்லை. நல்லவேளை, யோலாந்தா அதைக் கவனிக்கவில்லை.

திருட்டு நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது பெலோதாஸ் நகர நூலகத்தார் ஒரு சிறு புத்தகம் கேட்கிறார்கள்: 'பத்திரிகையாளர், நாவலாசிரியர் ஒலிந்தோ பிராதெஸ்: வாழ்வும் நண்பர் குழாமும்.' நாற்பது பக்கம், புகைப்படங்களுடன். அவர் வேலை பார்த்த மாலைப் பத்திரிகையில் இருபத்தாறு வருடம் புரூஃப் பார்த்தவள் என்பதால் என்னிடம் வந்தார்கள். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தே வயிறு வளர்த்தவளை எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. என்ன ஆகும் என்பதை நீங்களே பாருங்கள்.

"ஈரக்காற்று வீசும் நம் பெலோதாஸ் நகரில், ஒரு தையற்காரரின் மூன்றாவது மகனாக ஒலிந்தோ பிராதெஸ்..."

(இப்படித் தொடங்குகிற புத்தகத்தை ஒலிந்தோவே கடையில் எடுத்த இடத்தில் வைத்துவிடுவார்.)

"அவர் நான்கு நாவல்கள் எழுதினார். அவற்றில் இரண்டு..."

(அந்த இரண்டைப் பற்றி வேண்டாம். எனக்கு அவர்மேல் பிரியம் உண்டு.)

"சனிக்கிழமை மூன்று மணி அடித்தால்..."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

2

சனிக்கிழமை மூன்று மணி அடித்தால் யோலாந்தா வீட்டில் கூடுவோம். யோலாந்தா கவிஞர்; பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். (நிஜத்தில் அவர்கள் இரண்டு சகோதரிகள். இரண்டு பேரையும் சமாளிக்க எனக்குத் தெம்பில்லை என்பதால் ஒருத்தியாக்கிவிட்டேன். "பத்து வயசு குறைச்சுப் போடு" என்றும் கேட்டார்கள். ஐந்து குறைத்திருக்கிறேன்.)

மாத்தே இலையைச் சுரைக்குடுக்கையில் போட்டு வெந்நீர் ஊற்றி, ஒரே வெள்ளிக்குழலில் ஆளுக்கு ஒரு முறை உறிஞ்சுவோம். சுற்றிச் சுற்றி வரும். திருப்பிக் கொடுக்கும்போது 'நன்றி' சொன்னால் 'எனக்குப் போதும்' என்று அர்த்தம். இன்னும் வேண்டுமென்றால் வாயைத் திறக்காமல் நீட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் இது.

எங்கள் குழாமுக்கென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. என்ன பேசினோம், யார் என்ன படித்தார்கள் என்பதை ஒலிந்தோ நோட்டில் எழுதுவார். அடுத்த சனிக்கிழமை அதை அவரே உரக்கப் படிப்பார். கேட்டுவிட்டு எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். என்னமோ நகராட்சி மன்றம் நடத்துகிற மாதிரி. நானும் முதலில் சிரித்தேன். அப்புறம் அந்த நோட்டில் என் பெயர் வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

3

லாவ்ரோவை எப்படி உள்ளே கொண்டுவருவது?

லாவ்ரோ எஷெனீகே, மருந்துக்கடைக்காரர். ஒலிந்தோவும் அவரும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. ஒலிந்தோவின் எழுத்தை அச்சுக்கு முன்னால் படிக்கிற முதல் ஆள் அவர்தான், நான்கூட இரண்டாவதுதான். அவரும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக முதல் அத்தியாயத்தையே எழுதிக்கொண்டிருந்தார்.

(ஒன்பது என்பது மிகை என்று நினைக்கிறீர்கள். நானும் ஆறு என்று குறைத்துப் பார்த்தேன். நம்பும்படி இருந்தது, ஆனால் பொய்யாக இருந்தது.)

1975 மே பதினேழு. அந்த அத்தியாயத்தை லாவ்ரோ படித்துக் காட்டினார். இரண்டு மணி நேரம். படித்து முடித்துத் தாள்களை அடுக்கினபோது நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக இருந்தது, அதனால்தான் சொல்லவில்லை. யோலாந்தா எழுந்து போய் முட்டை இனிப்புத் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் ஒலிந்தோ நோட்டைத் திறந்து வழக்கம்போல உரக்கப் படித்தார். யோலாந்தாவின் இரண்டு கவிதைகளைப் பற்றி அரைப் பக்கம். பத்திரிகைத் தாள் விலை பற்றி என் புலம்பல், நான்கு வரி. அப்புறம்:

"லாவ்ரோ படித்தார். மழை பெய்தது."

அவ்வளவுதான். முப்பது வருடம் பிறர் செய்திகளை வெட்டிய கை அது. எவ்வளவு பிடித்ததோ அவ்வளவு சுருக்குவார். மிகவும் பிடித்துப்போய், என்ன எழுதுவதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார். இது அவரே என்னிடம் பின்னால் சொன்னது. லாவ்ரோவிடம் அவர் சொல்லவே இல்லை.

குடுக்கை லாவ்ரோ கைக்கு வந்தது. முதல் சுற்று. உறிஞ்சினார். திருப்பிக் கொடுத்தார்.

"நன்றி" என்றார்.

யோலாந்தாவின் கை அந்தரத்தில் நின்றது. "என்னய்யா, ஒரு சுத்துலயேவா?"

"போதும், யோலாந்தா." தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். கையெழுத்துப் போடவில்லை.

4

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் 'காலம் ஓடியது' என்று எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போவார். எனக்கு அந்த வசதி இல்லை. அடுத்த பதினோரு வருடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

லாவ்ரோவின் கடை இரண்டு தெரு தள்ளி. இருமலுக்கு மருந்து வாங்கக்கூட ஒலிந்தோ வேறு கடைக்குப் போனார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன். கேட்கச் சொன்னால், "என்ன தப்பு பண்ணினேன்? படிச்சான், மழை பெஞ்சுது. ரெண்டும் நெசந்தானே?" என்பார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆனால் லாவ்ரோ போய் இரண்டு வாரம் கழித்து, அவர் வராத சனிக்கிழமையின் குறிப்பை ஒலிந்தோ படித்தபோது, வந்தவர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. "பிறகு லாவ்ரோ, கவிதைக்கும் இருமல் மருந்துக்கும் ஒரே விதிதான், குலுக்காமல் கொடுக்கக் கூடாது என்றார்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யோலாந்தா மட்டும் மெதுவாக, "அவன் சொல்லக்கூடிய ஆள்தான்" என்றாள். கையெழுத்துப் போட்டோம்.

அப்புறம் ஒரு வாரம்கூட விடாமல் வந்தார், நோட்டில் மட்டும். ஐந்நூற்றுச் சொச்சம் சனிக்கிழமைகள். நோட்டில் லாவ்ரோ வாதாடினார், கிண்டல் செய்தார், ஒலிந்தோவின் நாவலைக் கிழிகிழியென்று கிழித்தார், யோலாந்தா காய்ச்சலில் கிடந்தபோது மாத்திரை சொன்னார். ஒலிந்தோவின் நான்கு நாவல்களிலும் இவ்வளவு உயிரோடு ஒரு ஆள் இல்லை. (நூலகத்தாருக்கு: இந்த வரியை எடுக்கக் கூடாது.)

5

1986 ஆகஸ்டில் ஒலிந்தோவின் இருமலுக்கு டாக்டர்கள் வேறு பெயர் சொன்னார்கள். திங்கட்கிழமை தொண்டையில் அறுவை. பிழைப்பார், குரல் பிழைக்குமா என்பதுதான் தெரியாது. புதன்கிழமை என் மேஜைக்கு வந்து இதைச் சொன்னார், ஏதோ அச்சுப்பிழையைக் காட்டுகிற மாதிரி.

"இந்தச் சனிக்கிழமை நான் கொஞ்சம் கூடவே பேசுவேன், நேய்வா. பொறுத்துக்கோ."

"லாவ்ரோவைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அவன் வந்துக்கிட்டுதானே இருக்கான். நோட்டைப் பாரு."

சிரிக்கத்தான் முயன்றார். அவரால் முடியவில்லை. அன்று மாலையே யோலாந்தா வீட்டுக்குப் போனேன், மழைக்கோட்டோடு.

6

லாவ்ரோவின் கடையில் கூட்டம் இருந்தது. நோட்டுகளைக் கல்லா மேல் வைத்தேன்.

"என்ன இது?"

"நீங்கதான். பதினோரு வருஷம்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புரட்டினார். காத்திருந்த ஒரு அம்மாள், "எனக்கு நெஞ்செரிச்சல் மருந்து" என்றாள். "எனக்கும் வேணும், இருங்க" என்றார் லாவ்ரோ, தலை நிமிராமல்.

"இதை நான் சொல்லலியே."

"தெரியும்."

இன்னும் நான்கு பக்கம். "இதையும் சொல்லலை. ஆனா சொல்லியிருப்பேன்." இன்னும் பத்துப் பக்கம். "யோலாந்தாவோட இந்தக் கவிதையை நான் பாராட்டினேனா? செத்தாலும் பாராட்ட மாட்டேன். இவனுக்கு என்னைப் பத்தி ஒண்ணுமே தெரியலை."

"வந்து திருத்துங்க" என்றேன். குரல் விஷயத்தையும் சொன்னேன்.

லாவ்ரோ நோட்டை மூடினார். அந்த அம்மாளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தார். நோட்டுகளை மட்டும் திருப்பித் தரவில்லை.

7

இங்கே நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதத்தில் லாவ்ரோ வரவில்லை. நாங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு... (இதை எழுதிய அன்று எனக்குப் பல்வலி.)

இரண்டாவதில் வாசலில் இரண்டு கிழவர்களும் கட்டிப்பிடித்துக் கண்ணீர்... (வெட்டியாயிற்று. ஒலிந்தோவிடம் புரூஃப் பார்த்தவள் நான்.)

மூன்றாவது நடந்தது. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லாவ்ரோ வந்தார். கக்கத்தில் மூன்று நோட்டுகள், சட்டைப் பையில் சிவப்புப் பென்சில். ஒலிந்தோவைப் பார்க்காமல் யோலாந்தாவிடம், "நூத்தி நாப்பது எடத்துல திருத்தியிருக்கேன். மத்ததெல்லாம் நான் சொன்னதாவே இருக்கட்டும்" என்றார். உட்கார்ந்தார். அவர் நாற்காலியை நாங்கள் எடுக்கவே இல்லை.

ஒலிந்தோ பேனாவைத் திறந்தார்.

"குடு இங்க" என்றார் லாவ்ரோ.

"எதை?"

"பேனாவைத்தான். இன்னைக்கு நான் எழுதறேன். நீ பேசு."

"நான் பேசினா நீளும்டா."

"நீளட்டும். எனக்குச் சுருக்கத் தெரியாது. ஒரு அத்தியாயத்துக்கு ஒம்பது வருஷம் எடுத்தவன் நான்."

ஒலிந்தோ பேசினார். தையற்கார அப்பாவைப் பற்றி, முதன்முதலில் அச்சான தன் பெயரைப் பற்றி, அந்த இரண்டு நாவல்களைப் பற்றியும்கூட. நடுவில் நிறுத்தி, "அந்த அத்தியாயம். அன்னைக்கு எனக்கு என்ன எழுதறதுன்னு தெரியலைடா. நான் எழுதியிருக்கணும்னு இருந்துச்சு அதை. பொறாமை" என்றார். லாவ்ரோ தலை நிமிரவில்லை. "கொஞ்சம் மெதுவாச் சொல்லு, எழுதணும்" என்றார். நான் அழுதேன். மறைக்கிறதற்கு ஒன்றுமில்லை.

குடுக்கை சுற்றி வந்தது. ஒவ்வொரு தடவையும் லாவ்ரோ வாயைத் திறக்காமல் யோலாந்தாவிடம் நீட்டினார். ஆறு மணிக்கு வெந்நீர் தீர்ந்தது. இலை எப்போதோ வெளிறிப்போயிருந்தது.

பத்தொன்பது பக்கம். இருமல்கள் உட்பட. கடைசியில் ஒரு வரியை எழுதிவிட்டு லாவ்ரோ நோட்டை ஒலிந்தோ பக்கம் திருப்பி வைத்தார். ஒலிந்தோ படித்தார்.

"மழை பெய்யவில்லை" என்று எழுதியிருந்தது.

8

அப்புறம் திங்கட்கிழமை வந்தது. அப்புறம் அடுத்த சனிக்கிழமை.

நூலகத்தார் கேட்கிறார்கள்: அறுவை என்ன ஆயிற்று, குரல் இருந்ததா, அந்தப் பத்தொன்பது பக்கத்தையும் வழக்கப்படி ஒலிந்தோவே உரக்கப் படித்தாரா? கம்மிய குரலில் அவரே படித்து முடித்தார் என்று ஒரு பிரதி எழுதியிருக்கிறேன். லாவ்ரோ படிக்க, ஒலிந்தோ விரலை ஆட்டி ஆட்டிப் பிழை காட்டினார் என்று இன்னொன்று. எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தப் பக்கங்கள் முடிந்துபோன சமாச்சாரம் ஆகிவிடும்.

நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. (யோலாந்தாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறாள்.) அந்தப் பத்தொன்பது பக்கங்களின் கீழே எங்கள் கையெழுத்துகளுக்குப் பக்கத்தில், நானே இப்போது போட்ட ஒரு கோடு காலியாக இருக்கிறது: 'உரக்கப் படித்தவர்.' அதை நிரப்ப ஒரு குரல் வேண்டும், யார் குரலாக இருந்தாலும் சரி. உங்களிடம் இருக்கிறது. மேலே போய், ஒலிந்தோ பேசிய இடத்தை மட்டுமாவது வாய்விட்டுப் படியுங்கள். லாவ்ரோவுக்காகக் கொஞ்சம் மெதுவாக. ஆட்சேபணை இல்லையென்றால் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள்.

மழை பெய்ததா இல்லையா என்பதையும் மறக்காமல் குறித்துவிடுங்கள்.