மேனேஜருக்கு ஒரு எலி

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டுதான் வருகிறார்கள் என்று நினைத்து ஓட்டு என்பதுதான் என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் பாடம். வீட்டிலும் எனக்கு இதே புத்திதான். ஓர் அறைக்குள் நுழைந்தால் அதன் அழகு என் கண்ணில் படாது, எதில் யார் இடறி விழுவார்கள் என்பதுதான் படும். இதனால் என்னைக் கல்யாணம் செய்துகொண்டவர் படுகிற பாட்டை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு பெட்டியோடும் ஒரு பூனையோடும் புகுந்த வீட்டுக்கு வந்தேன். பூனையின் பெயர் மேனேஜர். தான் ஒரு வேலையும் செய்ய மாட்டான், அடுத்தவர் செய்யும் வேலையை மட்டும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான், அதனால் அந்தப் பெயர். குட்டியாக மழையில் நனைந்துகொண்டு என் வண்டிக்கு அடியில் கிடந்தவன். அவனைப் பிரிவதென்றால் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

வந்த அன்றே முன்னறையைப் பார்த்ததும் மேனேஜரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் மாமியார் தையல்காரர், முன்னறைதான் அவருடைய கடை. தரையெல்லாம் நூல், பொத்தான், எலாஸ்டிக் துண்டுகள். மூலையில் துணி வந்த பிளாஸ்டிக் பைகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. மேஜை விளிம்பில் அளவு நாடா தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. நான் அங்கே ஆஸ்பத்திரியைப் பார்த்தேன், மேனேஜர் சொர்க்கத்தைப் பார்த்தான்.

“அத்தை, நூலு, ரப்பர் பேண்டு எதுவும் கீழ கிடக்கக் கூடாது. முழுங்கிட்டான்னா குடல்ல மாட்டிக்கும். பையோட கைப்பிடியில தலைய விட்டுட்டா கழுத்த இறுக்கிடும்.”

மாமியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “தையக்காரி வீட்ல நூல் கிடக்காம நூடுல்ஸா கிடக்கும்?”

என் கணவர் மதில்மேல் பூனை. என்னைப் பார்த்தும் தலையாட்டினார், அம்மாவைப் பார்த்தும் தலையாட்டினார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் பேப்பரைக் கொஞ்சம் மேலே தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கடைசியில் மாமியாரே தீர்ப்புச் சொன்னார்.

“முன்ரூம் கதவு சாத்தியே இருக்கும். ஒரு மாசம் பாப்போம். ஒத்துவரலேன்னா உங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடு.”

அண்ணன் வீட்டில் தனி அறையே தருவார்கள். அவனுக்குக் குறை இருக்காது, குறை எல்லாம் எனக்குத்தான். அதனால் அந்த மாதம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவனுக்காகக் கடையில் வாங்கிய துணி மீனைக்கூட விட்டுவைக்கவில்லை. கண் பசை போட்டு ஒட்டியது, பிய்த்து விழுங்குவான் என்று வெட்டி எடுத்தேன். வாலில் இருந்த மணியையும் இறகையும் எடுத்தேன். மாமியார் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“கண்ணும் இல்ல, வாலும் இல்ல. இத எந்தப் பூனை மதிக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போனார். மேனேஜரும் அதை மதிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மாதம் முடிய இரண்டொரு நாள்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். கூடத்தில் மாமனார் கத்தினார். “அடியே, பூனை வாயில என்னமோ தொங்குது!”

மேனேஜர் வாயைச் சப்பிச் சப்பிக் காலால் முகத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். உதட்டோரத்தில் விரல் நீளத்துக்கு வெள்ளை நூல். மாமனார் நல்ல மனசோடு குனிந்து அதைப் பிடிக்கப் போனார்.

“இழுக்காதீங்க!”

கத்தியது நான் மட்டும் இல்லை. முன்னறை வாசலிலிருந்து மாமியாரும் அதே நேரத்தில் கத்தினார். கல்யாணமாகி வந்ததிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான்.

“உள்ள எங்கயாவது மாட்டியிருக்கும். இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் துணி மாதிரி சுருங்கிக்கும்” என்றார் மாமியார்.

எனக்கு அடுத்த பயம் வந்தது. “அத்தை, ஊசி?”

அவர் ஓடிப்போய், ஊசி குத்தி வைக்கும் பஞ்சு உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். ஊசி அதில் இருந்தது. அவருடைய இன்னொரு கையில் தொய்ந்துபோன ஒரு துணி எலி இருந்தது. அது ஏது, எப்படி என்று கேட்க அப்போது நேரமில்லை.

கணவர் ஊரில் இல்லை. பயிற்சி வண்டி வாசலில்தான் நின்றது. மேனேஜரைக் கூடையில் வைத்து மாமியார் மடியில் கொடுத்து முன்சீட்டில் ஏற்றினேன். எங்கள் வண்டியில் பக்கத்து சீட்டுக் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவசரத்தில் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். முதல் திருப்பத்தில் பயந்துபோய் அவர் காலை ஊன்ற, வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின.

“காலத் தூக்குங்க அத்தை!”

“நீ மெதுவா போ!”

“மெதுவா இல்ல, நின்னுட்டே இருக்கோம்!”

அடுத்த திருப்பத்திலும் நின்றது. வண்டியின் நெற்றியில் கற்றுக்கொள்பவர் என்ற பலகை வேறு. சைக்கிளில் போன ஒருவர் என்னைப் பார்த்து, பயப்படாமல் ஓட்டுமா, பழகிவிடும் என்று ஆறுதல் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கடைசியில் மாமியார் இரண்டு காலையும் சீட்டின்மேல் மடக்கி வைத்துக்கொண்டார், கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், விஷயத்தைச் சொன்னார்.

“அந்த எலிய நாந்தான் தைச்சேன். நீ சொன்னபடி பொத்தான் வைக்கல, மணி வைக்கல, பஞ்சுகூட வைக்கல. துணித்துண்டுதான் அடைச்சேன். ஆனா ஓட்டுத்தையல்தான் போட்டிருந்தேன்.”

“ஏன்?”

“அளவு பாக்கணும்ல? அதான் நீ குளிக்கப் போனதும் அவன்கிட்ட குடுத்துப் பாத்தேன். அவன் வாய்க்குப் பெருசா இருந்தா பிரிக்கணும். போட்டுப் பாக்காம நான் யாருக்கும் இறுக்கித் தைச்சதில்ல.”

தற்காலிகமாக நீளநீளமாக ஓடவிடும் தையல் அது. ஒரு முனையை இழுத்தால் முழு நூலும் கையோடு வந்துவிடும். பேன்ட் தைக்க வருகிறவர்கள் அப்படி இழுப்பதில்லை. மேனேஜர் இழுத்தான். உலகத்தில் பூனைக்கு எலியை அளவு பார்த்த ஒரே தையல்காரர் என் மாமியாராகத்தான் இருப்பார். சிரிப்பு வந்திருக்க வேண்டிய விஷயம், எனக்கு அழுகைதான் வந்தது.

டாக்டரம்மா மேனேஜரின் வாயைத் திறந்து பார்த்தார். நூல் நாக்கின் அடியில் சுற்றியிருந்தது, மிச்சம் வயிற்றுக்குள் போயிருந்தது. “இழுக்காம கொண்டுவந்தீங்களே, நல்ல காரியம். இழுத்திருந்தா குடலே அறுபட்டிருக்கும்” என்றார். மயக்க மருந்து கொடுத்து உள்ளே எடுத்துப் போனார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்குள் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. அவர்மேல் கோபமா, கதவை நம்பி இருந்த என்மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. அவர் காதில் விழுகிற மாதிரியே அண்ணனுக்குப் போன் செய்தேன். “சாயங்காலம் வந்து மேனேஜரக் கூட்டிட்டுப் போ. அங்கயாவது உசுரோட இருக்கட்டும்.” மாமியார் மடியில் இருந்த காலிக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா ஒரு தட்டில் நூலைக் கொண்டுவந்தார். “வாய் வழியாவே எடுத்தாச்சு. ஆபரேஷன் தேவைப்படல. முழுசா வந்துடுச்சுன்னுதான் நினைக்கிறேன்.” மாமியார் நூலை வாங்கித் தன் கைநீளத்துக்குப் பிடித்துப் பார்த்தார். அவர் எப்போதும் நூலை அந்த நீளத்துக்குத்தான் வெட்டுவார். ஒரு பக்கம் முடிச்சு, ஒரு பக்கம் வெட்டு, இரண்டும் இருந்தன. “முழுசும் இருக்கு” என்றவர் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதார். என் மாமியார் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

இன்னும் இரண்டு நாள் சாப்பாட்டையும் வயிற்றையும் கவனிக்கச் சொல்லி, மதியத்துக்குமேல் அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்கு வந்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவன் தட்டு, போர்வை, அந்தக் குருட்டு மீன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன். மேனேஜர் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் முன்னறையில், மாமியார் மடியில் தூங்கினான். தரையில் ஒரு நூல் இல்லை. மாமனார் தலைமையில் எல்லாம் மூடிபோட்ட டப்பாக்களுக்குள் போயிருந்தன. பையை எடுத்துக்கொண்டு நான் அறை வாசலுக்கு வந்த நேரம், தெருக்கதவில் ஒரு வாடிக்கைக்காரர் நின்றார். பிள்ளையின் பள்ளிச் சீருடைக்கு மறுநாள் காலைதான் கெடு.

“இன்னிக்குக் கடை இல்லீங்க. நாளைக்கு விடியறதுக்குள்ள தைச்சு வச்சுடறேன்” என்றார் மாமியார், எழுந்திருக்காமல்.

“ஏங்க, என்ன ஆச்சு?”

“சின்னவனுக்கு உடம்பு சரியில்ல.”

“உங்களுக்கு ஒரே பையன்தானே?”

“அது போன மாசம்” என்றார் மாமியார்.

நான் பையைக் கீழே வைத்தேன். அண்ணனுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். அத்தை விடமாட்டேங்கறாங்க என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து அவன் தட்டை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.